சொந்த நாய்க்கும் சட்டம் உண்டு

"என் நாய், என் சங்கிலி. இந்தியாவில் இதுக்கெல்லாம் சட்டமே கிடையாது" என்று, நாயை எந்நேரமும் கட்டிவைப்பது பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம், பிரிவு 11(1)ஐப் பாருங்கள். அநியாயத்துக்குக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பது குற்றம். அடுத்த உட்பிரிவு நாய்க்கென்றே எழுதியது: எந்நேரமும் கட்டியே கிடக்கும் நாயை உரிமையாளர் நடக்க, ஓட விடாவிட்டால் அதுவும் குற்றம்தான். கேட் கம்பியில் இரண்டடிச் சங்கிலி, எட்டாத தூரத்தில் தண்ணீர்ச் சட்டி என்றால், தீனி, தண்ணீர், நிழல் கொடுக்காத குற்றமும் சேரும்.

அதற்காகக் கட்டவே கூடாது என்றில்லை. எத்தனை அடி, எத்தனை மணி நேரம் என்ற கணக்கும் அதில் இல்லை. முதல் முறை அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான் (டீ, வடைக் காசு!). மூன்று ஆண்டுக்குள் மறுபடி மாட்டினால் மூன்று மாதம் வரை சிறைகூட உண்டு.