சாவி யாரிடம் இருக்கிறது?

இந்த மாதம் மட்டும் நான்கு நண்பர்கள் எனக்கு ஒரே மாதிரியான அறிவிப்பை அனுப்பிவிட்டார்கள். மலைமேல் ஒரு கிராமம். கல் வீடுகள், பாதிக்கு மேல் பூட்டிக் கிடக்கின்றன. ஓவியர்கள், எழுத்தாளர்கள், இசைக்காரர்கள் ஆறு வாரம் தங்கி வேலை செய்யலாம், தங்க இடம் இலவசம். இதை 'ரெசிடென்சி' என்பார்கள். "நீ போய் வந்த இடம் மாதிரியே இருக்கிறதே, நான் விண்ணப்பிக்கலாமா?" என்பதுதான் நால்வருடைய கேள்வியும். தனித்தனியாகப் பதில் எழுத ஆரம்பித்தேன், நீண்டுகொண்டே போனது. அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் அந்த அறிவிப்புகளில் தவறாமல் வரும் ஒரு சொற்றொடர்: 'கைவிடப்பட்ட கிராமம்'. படிக்கும்போதே எனக்கு உறுத்துகிறது. அந்த ஊரில் இன்னும் ஆள் இருக்கிறார்கள். அடுப்பு எரிகிறது. யாரோ காலையில் எழுந்து பனியை ஒதுக்கிப் பாதை போடுகிறார்கள். அப்படியிருக்க, கைவிட்டது யார்?

மூன்று வருடங்களுக்கு முன்னால் நான் ஆறு வாரம் இருந்த ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கே இருப்பதே பதினோரு பேர். ஊர்ப் பெயரைச் சொன்னால் ஆளைச் சொன்னதாகிவிடும். நாற்பது வீடுகளுக்குக் கொஞ்சம் அதிகமாக இருக்கும். முதல் பத்து நாள் நான் பூட்டிய கதவுகளை மட்டுமே வரைந்துகொண்டிருந்தேன். உரிந்த வண்ணம், துருப்பிடித்த தாழ்ப்பாள், நிலைப்படியில் முளைத்த செடி. அழகாகத்தான் வந்தன. ரெசிடென்சியை நடத்தியவர்களுக்கும் பிடித்திருந்தது.

பதினோராம் நாள் எதிர்வீட்டு அம்மா என் மேசைக்கு வந்து நின்றார். எழுபதைத் தாண்டியவர். என் பென்சில்களில் எது மிகவும் மிருதுவானது என்று கேட்டார். 6பி-யை எடுத்துக் கொடுத்தேன். ஒரு சின்னக் கத்தியால் அதன் முனையைச் சுரண்டி, கரித்தூளை ஒரு தாளில் சேர்த்து, தாளை மடித்துக் குழாய் மாதிரி ஆக்கிக்கொண்டார். "வா" என்றார். தெருவில் நான்கு வீடு தள்ளிப் போய், பூட்டின் சாவித்துவாரத்தில் அந்தத் தாளை வைத்து மெல்ல ஊதினார். சாவியைப் போட்டு இரண்டு முறை முன்னும் பின்னும் திருப்பினார். திறந்துகொண்டது.

பூட்டுக்கு எண்ணெய் விடக் கூடாதாம். எண்ணெயில் தூசி ஒட்டும், குளிர் காலத்தில் இறுகிவிடும், அப்புறம் பூட்டை உடைக்கத்தான் வேண்டும். பென்சில் கரி ஒட்டாது, உறையாது. இத்தனை வருடமாகப் பள்ளிக்கூடத்தில் மிச்சமிருந்த பென்சில்களை வைத்துச் சமாளித்திருக்கிறார். பள்ளி மூடிய பிறகு அதுவும் தீர்ந்துபோயிருந்தது.

அவர் சமையலறைச் சுவரில் ஒரு பலகை. அதில் ஒன்பது ஆணிகள், ஒன்பது சாவிகள். ஒவ்வொன்றும் ஊரைவிட்டுப் போன ஒரு குடும்பத்துடையது. வாரம் ஒருநாள் ஒன்பது வீட்டையும் திறந்து, சன்னல்களைத் திறந்து வைத்து, அரை மணி நேரம் கழித்து மூடிவிட்டு வருவார். உள்ளே நுழைந்ததும் அவர் பார்ப்பது தரையை அல்ல, கூரையை. கல் வீடு சுவரால் சாவதில்லை, கூரையால்தான் சாகும். ஓர் ஓடு நகர்ந்தால் மழையும் பனிநீரும் உத்தரத்தில் இறங்கும். உத்தரம் உளுத்து வளைந்தால் கூரை உட்காரும். அதன்பின் சுவரின் தலை நனைய ஆரம்பிக்கும், கற்களுக்கு இடையிலிருக்கும் மண்ணும் சுண்ணாம்பும் கரைந்து ஓடும், ஒருநாள் சுவர் தெருவில் கிடக்கும். இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியில், ஓர் ஓடு நகர்ந்த அன்றே, மச்சில் ஏறி உள்ளேயிருந்து கையைவிட்டு அதைச் சரிசெய்கிற ஆள் அவர். அவர் சாவி வைத்திருக்கும் ஒன்பது வீடுகளும் நிற்கின்றன. சாவி இல்லாத வீடுகளில் ஏழெட்டு விழுந்துவிட்டன.

ரெசிடென்சியின் செலவுக் கணக்கைக் கடைசி வாரம் எங்களுக்கும் காட்டினார்கள். பயணம், பொருட்கள், புகைப்படக்காரர், கேட்டலாக் அச்சு, நிறைவு நாள் விருந்து எல்லாம் இருந்தது. நான் தங்கிய வீட்டையும் சேர்த்து ஒன்பது வீட்டைக் காப்பாற்றி வைத்திருந்தவருக்கு ஒரு வரி இல்லை. கேட்டலாக்கின் கடைசிப் பக்கத்தில் 'ஊர் மக்களுக்கு நன்றி' என்று இருந்தது. அன்றைக்கு நான் வாயைத் திறந்து கேட்கவில்லை. அந்த வருத்தம்தான் இந்தப் பதிவு.

என் கருத்து இதுதான்: இப்படிப்பட்ட ஊரில் ரெசிடென்சி நடத்துவது நல்ல காரியம், தாராளமாக நடக்கட்டும். ஆனால் அதன் சாவி அங்கே தங்கிவிட்ட மனிதர்களின் கையில் இருக்க வேண்டும். எந்தக் கலைஞர் வருவது, எந்த வீடு திறப்பது, எந்த மாதத்தில், பணம் எதற்கு என்பதெல்லாம் அவர்கள் சொல்ல வேண்டும். இல்லையென்றால் அந்த ஊர் நமக்கு ஒரு பின்னணித் திரை, வேறொன்றும் இல்லை.

இது நடக்காத காரியம் என்று சொல்பவர்களுக்கு ஜப்பானில் கமியாமா என்ற ஊரைக் காட்டுவேன். ஷிகோகு தீவில் தொகுஷிமா மாகாணத்து மலைகளுக்குள் இருக்கிறது. 1955-இல் சுமார் 21,000 பேர் இருந்த இடம், இப்போது ஐயாயிரம் அளவில். அங்கே கதை ஒரு பொம்மையில் தொடங்குகிறது. 1927-இல் அமெரிக்கக் குழந்தைகள் ஜப்பானியப் பள்ளிகளுக்கு நட்புக்காக அனுப்பிய ஆயிரக்கணக்கான பொம்மைகளில் ஒன்று இந்த ஊர்ப் பள்ளிக்கு வந்தது. போர்க் காலத்தில் அப்படிப்பட்ட பொம்மைகளை அழிக்கச் சொன்னபோது ஓர் ஆசிரியை அதை ஒளித்துவைத்துக் காப்பாற்றினார். 1991-இல் ஊர்க்காரர்கள் சிலர் அந்தப் பொம்மையை எடுத்துக்கொண்டு அது பிறந்த பென்சில்வேனியா ஊருக்கே போய் வந்தார்கள். சேர்ந்து ஒரு காரியத்தைச் செய்து முடித்த அந்தக் கூட்டம்தான், 1999-இல் கலைஞர்களைத் தங்கவைக்கும் திட்டத்தை ஆரம்பித்தது.

அவர்களில் கலை வல்லுநர் யாரும் இல்லை. பெரிய அருங்காட்சியகமோ பணமோ இல்லை. தங்களால் முடிந்தது ஒன்றுதான், வருகிறவரைப் பார்த்துக்கொள்வது. வரும் ஒவ்வொரு கலைஞருக்கும் ஊரிலிருந்து ஒரு 'அப்பா', ஒரு 'அம்மா' பொறுப்பேற்றுக்கொள்ளும் வழக்கத்தை ஏற்படுத்தினார்கள். பொருள் தேடித் தருவது, மரம் அறுக்க ஆள் கூப்பிடுவது, உடம்பு சரியில்லை என்றால் கூட்டிப்போவது எல்லாம் அவர்கள் வேலை. வருடத்துக்கு மூன்று பேர் அளவில்தான் அழைக்கிறார்கள், இரண்டு மாதத்துக்கு மேல் தங்கவைக்கிறார்கள். நூறு பேரைக் கூட்டி ஒரு வாரத் திருவிழா நடத்தவில்லை.

அதிலிருந்து அடுத்து வந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. கலைஞர்களில் சிலர் இங்கேயே இருக்கிறோம் என்று கேட்க, ஊரார் காலி வீடுகளைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தார்கள். 2008 வாக்கில் தங்கள் இணையதளத்தில், காலி வீட்டைக் காட்டி, இந்த வீட்டுக்கு ரொட்டி சுடுபவர் வேண்டும், இந்த வீட்டுக்கு வடிவமைப்பாளர் வேண்டும் என்று தொழிலைச் சொல்லியே ஆளைத் தேடினார்கள். ஊருக்கு எது இல்லையோ அதைக் கேட்டு வாங்கினார்கள். 2011-இல், ஊரைவிட்டுப் போனவர்களைவிட ஊருக்கு வந்தவர்கள் எண்ணிக்கை முதல் முறையாக அதிகமானது. அதனால் கமியாமாவின் மக்கள்தொகை திரும்ப ஏறிவிடவில்லை. இறப்பு அதிகம், பிறப்பு குறைவு, எண்ணிக்கை இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் எப்படி இறங்குவது, யாருடன் இருப்பது என்பதை ஊரே முடிவு செய்கிறது.

ஜப்பானில் எச்சிகோ-சுமாரி என்றால் பலருக்குத் தெரிந்திருக்கும். நீகாதா மாகாணத்தில், பனி ஆள் உயரத்தைத் தாண்டிக் கொட்டும் மலை வட்டாரம், 760 சதுர கிலோமீட்டர். 2000-இல் இருந்து பெரிய அளவில் கலைத் திருவிழா நடக்கிறது. அது வேறு அளவு, அதைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது. நான் நினைவில் வைத்திருப்பது ஒரே ஒரு வீட்டைத்தான். ஒரு பழைய காலி வீட்டுக்குள் சிற்பம் படிக்கும் மாணவர்கள் உளியோடு இறங்கி, தரை, சுவர், தூண், உத்தரம் என்று கை எட்டிய இடமெல்லாம் ஒரு விரல்கடை விடாமல் கொத்தினார்கள். முடிக்க இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. 2006-இல் திறந்த அந்த வீட்டை 'தோலுரிக்கும் வீடு' என்கிறார்கள். இரண்டு வருடம் ஒரு வீட்டுக்குத் திரும்பத் திரும்ப வந்தால், வந்தவர் விருந்தாளியாக இருக்க முடியாது. ஆறு வாரத்தில் அது கிடைக்காது என்பதை அனுபவித்துச் சொல்கிறேன்.

ஊர்கள் ஏன் காலியாகின என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அங்கே போவதும் சரியில்லை. இத்தாலியில், ஸ்லோவேனிய எல்லையை ஒட்டி தொபொலோ என்றொரு மலைக் கிராமம். முன்பு சில நூறு பேர் இருந்தார்கள், பிறகு முப்பது பேர் அளவுக்குச் சுருங்கியது. 1946-இல் இத்தாலி பெல்ஜியத்தோடு ஓர் ஒப்பந்தம் போட்டது: நாங்கள் சுரங்கத்துக்கு ஆள் அனுப்புகிறோம், நீங்கள் நிலக்கரி கொடுங்கள் என்று. இந்த மலைகளிலிருந்து ஆண்கள் அப்படித்தான் போனார்கள். பனிப்போர் எல்லை ஊரின் கழுத்தை இன்னும் நெரித்தது. பேசிய மொழி ஸ்லோவேனிய வட்டார வழக்கு என்பதால் சந்தேகப் பார்வை வேறு. 1994 முதல் கலைஞர்கள் அந்த ஊருக்கு வந்து, அந்த ஊரைக் கேட்டு, அங்கேயே உருவாக்கும் வேலைகளைச் செய்தார்கள். எங்கேயோ செய்ததைக் கொண்டுவந்து வைப்பதல்ல. உத்தராகண்டில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஆளே இல்லாத ஊர்கள் ஆயிரத்துக்கும் மேல். பள்ளி, மருத்துவமனை, வேலை என்று கீழே இறங்கியவர்கள்தான் காரணம். இந்த ஊர்களின் அமைதிக்கு யாரோ விலை கொடுத்திருக்கிறார்கள். நமக்கு வேலை செய்ய வசதியாக அது தானாக விளைந்ததல்ல.

சாவி கலைஞர்கள் கைக்கே முழுதாகப் போனால் சரியாகிவிடுமா என்றால், புஸ்ஸானா வெக்கியாவைப் பாருங்கள். இத்தாலியின் லிகூரியாவில், 1887 பிப்ரவரி நிலநடுக்கத்தில் நொறுங்கிய மலையூர். தப்பியவர்கள் 1894-இல் கீழே புதிய ஊருக்குப் போய்விட்டார்கள். 1950-களில் தெற்கிலிருந்து பிழைக்க வந்த ஏழைக் குடும்பங்கள் அந்த இடிபாடுகளில் குடியிருந்தபோது அவர்களைக் காவல்துறை வெளியேற்றியது. 1960 வாக்கில் கலைஞர்கள் வந்தார்கள். தண்ணீர் இல்லை, மின்சாரம் இல்லை, தாங்களே கல்லெடுத்துக் கட்டினார்கள். யாருக்கும் வீடு சொந்தமில்லை, இருந்து வேலை செய்யலாம், அவ்வளவுதான் என்று தொடக்கத்தில் தங்களுக்குள் விதி வைத்துக்கொண்டார்கள். அந்த விதி நிலைக்கவில்லை, சண்டைகள் வந்தன. நிலம் அரசுக்குரியது என்று காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ்கள் பல பத்தாண்டுகளாகத் துரத்தின. அவர்கள் உழைப்பின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் அதே சுவர்களுக்குள் ஏழைகள் இருந்தபோது அது ஆக்கிரமிப்பு என்றும், ஓவியர்கள் வந்தபோது அழகு என்றும் ஆனதை என்னால் மறக்க முடியவில்லை.

பணம் மட்டும் வந்தாலும் போதாது. இத்தாலி ஐரோப்பிய மீட்பு நிதியிலிருந்து 21 கிராமங்களைத் தேர்ந்து ஒவ்வொன்றுக்கும் 2 கோடி யூரோ ஒதுக்கியது. அவற்றில் ஒன்று எல்வா, நூறு பேர்கூட இல்லாத ஆல்ப்ஸ் கிராமம். அத்தனை பணத்தை அத்தனை சிறிய இடத்தில், அதுவும் குறித்த தேதிக்குள் செலவழிக்க வேண்டும் என்றால் கட்டடம்தான் எழும். சன்னல் திறக்க ஆள் வேண்டுமே, அது அந்தக் கணக்கில் எங்கே வரும்?

இன்னொரு விஷயம், காலம். ரெசிடென்சிகள் பெரும்பாலும் கோடையில் நடக்கின்றன. கோடையில் எந்த மலையூரும் நன்றாகத்தான் இருக்கும். போனவர்களின் பிள்ளைகள் விடுமுறைக்கு வருவார்கள், சன்னல்கள் தாமாகத் திறக்கும். ஆள் வேண்டியது பனிக்காலத்தில். போன குளிர்காலத்தில் நான் என் சொந்தச் செலவில் இரண்டு வாரம் போயிருந்தேன். ஒரு பெட்டி 6பி பென்சில் கொண்டுபோனேன். அந்த அம்மாவுக்கு முழங்கால் வலி, மச்சு ஏற முடியவில்லை. பலகையிலிருந்து நான்கு சாவிகளை எடுத்து என்னிடம் கொடுத்தார். அந்த இரண்டு வாரத்தில் ஒரு படம்கூட வரையவில்லை. ஒரே ஓர் ஓட்டைச் சரிசெய்தேன், அதுவும் அவர் கீழே நின்று எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று சொல்லச் சொல்ல.

சரி, விண்ணப்பிக்கலாமா என்று கேட்டவர்களுக்கு: விண்ணப்பியுங்கள். ஆனால் விண்ணப்பத்தோடு நடத்துபவர்களுக்கு ஒரு கடிதமும் எழுதுங்கள். நான் தங்கப் போகும் வீட்டின் சாவி இப்போது யாரிடம் இருக்கிறது, அவருக்கு என்ன ஊதியம் தருகிறீர்கள், தேர்வுக் குழுவில் அவர் இருக்கிறாரா, அடுத்த பிப்ரவரியில் நான் மறுபடியும் வரலாமா என்று கேளுங்கள். பதில் வந்தால் இங்கே கமெண்டில் எழுதுங்கள், நான் படிக்கிறேன். பதில் வராவிட்டாலும் எழுதுங்கள்.