காய்ச்சலும் பாய்ச்சலும்: மூன்று நாடுகளுக்குப் போய்வந்த ஒரு கடைமடை விவசாயியின் கருத்து

தமிழக அரசின் 2025-26ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில், நெல் விளைச்சலைக் கூட்டும் முறைகளைக் கண்டறிந்து வருவதற்காக 100 முன்னோடி உழவர்களை ஜப்பான், சீனா, வியட்நாம் ஆகிய நாடுகளுக்கு அழைத்துச் செல்லப்போவதாக அறிவித்தபோது, எங்கள் ஊர் டீக்கடையில் இரண்டு கட்சிகள் உருவாயின. தூர்வாராத வாய்க்கால்கள் கிடக்கும்போது விமானச் செலவு எதற்கு என்றது ஒரு கட்சி. அங்கே இருக்கும் இயந்திரங்களைப் பார்த்து வந்தாலே நம் விளைச்சல் ஏறிவிடும் என்றது மற்றொன்று. நான் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கிளை வாய்க்காலின் கடைசியில் ஐந்து ஏக்கரில் நெல் செய்கிறவன். சொந்தக் காசில், மற்ற விவசாயிகளோடு சேர்ந்து, மூன்று முறை வெளிநாடு போய் வந்திருக்கிறேன். அந்த இரண்டு கருத்துகளையும் என்னால் ஏற்க முடியவில்லை. பயணம் அவசியம்தான். ஆனால் விவசாயியை மட்டும் ஏற்றிக்கொண்டு போகிற பயணத்தில் கற்றது ஊர் எல்லைக்குள் வந்து சேர்வதில்லை என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதல் பயணம் 2018 மே மாதம், இஸ்ரேலின் டெல் அவிவில் நடந்த அக்ரிடெக் வேளாண் கண்காட்சிக்கு. அரங்கம் அரங்கமாக நடந்து, பை நிறைய விளம்பரத் தாள்களோடு திரும்பினோம். ஹட்சரிம் என்ற கூட்டுப்பண்ணைக் குடியிருப்பில் 1965இல் நெட்டாஃபிம் நிறுவனம் தொடங்கிச் சொட்டுநீர்ப் பாசனத்தை உலகமெங்கும் கொண்டுபோன வரலாற்றை எல்லோரும் சொன்னார்கள். எனக்கு மனத்தில் தங்கியது வேறு செய்தி. 1959ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்நாட்டில் நீர் முழுவதும் பொதுச் சொத்து. பண்ணைக்கு இவ்வளவு என்று ஒதுக்கீடு உண்டு, மீட்டர் உண்டு, அளவுக்கேற்ற விலையும் உண்டு. குழாய் நம் ஊருக்கும் வந்துவிட்டது. சிறு, குறு விவசாயிகளுக்கு 100 விழுக்காடு மானியமும் இருக்கிறது. இருந்தும், மானியத்தில் போட்ட குழாய்கள் ஒரே ஆண்டில் சுருட்டப்பட்டு வைக்கோல்போர் ஓரமாகக் கிடப்பதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். வடிகட்டியை எப்போது கழுவ வேண்டும், உப்பு அடைத்த துளையை எப்படித் திறக்க வேண்டும் என்று மறுபடி மறுபடி வந்து சொல்லித்தர ஆள் இல்லாமற்போனதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவதாக 2022 அக்டோபரில் நெதர்லாந்து சென்றோம். பண்ணைப் பொருள் ஏற்றுமதி மதிப்பில் அமெரிக்காவுக்கு அடுத்த இடத்தில் இருக்கும் அந்தச் சிறிய நாட்டில் எல்லோரும் வளமாக இருப்பார்கள் என்று எண்ணித்தான் போனேன். அந்த ஆண்டு எரிவாயு விலை ஏறியதால், சூடேற்றக் கட்டுப்படியாகாமல் கண்ணாடிக் குடில்கள் சில விளக்கில்லாமல் கிடந்தன. நைட்ரஜன் மாசைக் குறைப்பதற்காகக் கால்நடைகளைக் குறைக்கும் திட்டத்தை எதிர்த்து, விவசாயிகள் தேசியக் கொடியைத் தலைகீழாகக் கட்டிய சாலைகள் வழியாகத்தான் எங்கள் பேருந்து போனது. பணக்கார நாட்டு விவசாயிக்கும் நெருக்கடி உண்டு என்பதை நேரில் கண்டது நல்லதே. அதன்பின் எந்த நாட்டையும் சொர்க்கமாக வர்ணிக்க எனக்கு வாய் வரவில்லை.

ஆல்ஸ்மேர் பூ ஏலக்கூடத்தை விடியற்காலையில் காட்டினார்கள். நம் ஏலத்தில் விலை கீழிருந்து மேலே ஏறும்; அங்கே பெரிய கடிகார முள் உயர்ந்த விலையிலிருந்து கீழே இறங்கும், முதலில் பொத்தானை அழுத்துகிறவருக்குப் பூ. எங்கள் குழுவில் எல்லோரும் அந்தக் கடிகாரத்தைத்தான் படம் எடுத்தார்கள், நானும் எடுத்தேன். ஏலக்கூடத்தின் உரிமையாளர்கள் பூ வளர்ப்பவர்களே, அது அவர்களுடைய கூட்டுறவு என்ற செய்தி திரும்பும் வழியில்தான் எங்கள் காதுக்கு வந்தது. நீரைப் பொறுத்தவரையிலும் அப்படியே. அங்கே 21 நீர் வாரியங்கள் இருக்கின்றன. சிலவற்றின் தொடக்கம் 13ஆம் நூற்றாண்டு. தனித் தேர்தலும் தனி வரியும் உள்ள அந்த வாரியங்களில் விவசாயிகளின் பிரதிநிதிகள் உட்கார்ந்து, நீர்மட்டம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதில் வாக்களிக்கிறார்கள். ஊர்மக்களே சேர்ந்து ஏரி, வாய்க்கால்களைப் பராமரிக்கும் குடிமராமத்து என்ற சொல்லை வைத்திருக்கும் நமக்கு இது புரியாத விஷயமே இல்லை.

மூன்றாவது பயணம்தான் என்னை உலுக்கியது. 2025 பிப்ரவரியில், அவர்களுடைய குளிர்காலப் பட்டம் அறுவடையாகும் நேரத்தில், வியட்நாமின் மேகாங் டெல்டாவுக்குப் போனோம். கன் தோ நகரத்திலிருந்து படகில் போகும்போது, இரு கரையும் எங்கள் ஊரைப் போலவே இருந்தது: வாழை, தென்னை, வாய்க்கால், வரப்பில் வாத்து. சீனா, மியான்மர், லாவோஸ், தாய்லாந்து, கம்போடியா எல்லாவற்றையும் கடந்து மேகாங் கடலுக்கு வரும் இடம் அது. மேலே அணைகள் கட்டப்பட்டுவிட்டன. கோடையில் ஆறு மெலிந்தால் கடல் உள்ளே ஏறுகிறது. 2016இல் அப்படி ஏறிய உப்பில் ஏராளமான நெல் வயல்கள் அழிந்தன. 2020இல் உப்பு இன்னும் கடுமையாக ஏறியும் சேதம் முன்னைவிடக் குறைந்தது. உப்பு எப்போது, எவ்வளவு தூரம் வரும் என்ற முன்கணிப்பை முன்கூட்டியே அறிவித்து, விதைப்பை முன்னதாகவே முடிக்கச் செய்ததுதான் அதற்கு முக்கியக் காரணம் என்றார்கள். உப்பேறிய கோடையில் இறாலும் மழைக்காலத்தில் நெல்லுமாக மாற்றிச் செய்யும் கடலோர வயல்களும் அங்கே உண்டு. கடைமடை ஷட்டரை எப்போது இறக்குவார்கள் என்பதைப் பக்கத்து ஊரில் விசாரித்து அறிகிற எனக்கு, நாள் சொல்லி அறிவிக்கிறார்கள் என்பதே பெரிய செய்தியாக இருந்தது.

அவர்களுடைய நெல் திட்டத்துக்கு ‘ஒன்று கட்டாயம், ஐந்து குறைப்பு’ என்று பெயர். சான்று பெற்ற விதை கட்டாயம். விதையளவு, உரம், பூச்சிமருந்து, நீர், அறுவடைக்குப் பின் வரும் இழப்பு ஆகிய ஐந்தும் குறைய வேண்டும். இதன் அடுத்த கட்டமாக, 2030க்குள் 10 லட்சம் ஹெக்டேரில் தரமான, மாசு குறைந்த நெல் விளைவிக்கும் திட்டத்தை 2023 நவம்பரில் அரசு ஏற்றுக்கொண்டிருக்கிறது. நீரைக் குறைக்க அவர்கள் செய்வது எளிய வேலை. ஓர் அடி நீளமுள்ள துளையிட்ட குழாயை வயலில் பாதி புதைக்கிறார்கள். குழாய்க்குள் தண்ணீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. இறங்கும்வரை பாய்ச்சுவதில்லை, இறங்கியபின் பாய்ச்சுகிறார்கள், பூக்கும் தருணத்தில் மட்டும் வயலைக் காயவிடுவதில்லை. நீர்த் தேவை 30 விழுக்காடு வரை குறைகிறது, தேங்கிய நீரில் உருவாகும் மீத்தேன் வாயுவும் குறைகிறது.

மொழிபெயர்ப்பாளர் இதை ஆங்கிலத்தில் திக்கித் திணறி விளக்கிக்கொண்டிருந்தபோது, எங்களோடு வந்த பெரியவர் ஒருவர், “இது காய்ச்சலும் பாய்ச்சலும்தானே!” என்றார். எனக்கு உடல் சிலிர்த்தது. என் தாத்தா வாயில் இருந்த சொல். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதே குழாயை வயல் நீர்க்குழாய் என்ற பெயரில் பல ஆண்டுகளாகப் பரிந்துரைத்து வருகிறது. சொல்லும் இருக்கிறது, குழாயும் இருக்கிறது, ஆனால் எங்கள் வாய்க்காலில் ஒருவர் வயலிலும் அது இல்லை. ஏன் இல்லை என்பதைத்தான் அங்கே கேட்டிருக்க வேண்டும். எங்களை அழைத்துச் சென்ற சுற்றுலா நிறுவனம் வயலுக்கு ஒதுக்கியது இரண்டு மணி நேரம், கடைத்தெருவுக்கு ஒதுக்கியது ஒரு பிற்பகல் முழுவதும். எங்கள் கேள்விகளில் பாதி கேட்கப்படாமலே நின்றன. 24 பேர் கொண்ட குழுவில் பெண்கள் இருவர் மட்டுமே. நடவும் களையும் பெரும்பாலும் பெண்கள் கையில் இருக்கும் நம் காவிரி டெல்டாவிலிருந்து அப்படி ஒரு குழு போனது எனக்கு இன்றும் வருத்தம்.

இன்னொரு காட்சியையும் சொல்ல வேண்டும். அறுவடை இயந்திரத்திலிருந்து ஈரநெல் மூட்டையாகி வாய்க்கால் ஓரத்துக்கு வருகிறது, வியாபாரியின் படகு அங்கேயே எடை போட்டு ஏற்றிக்கொள்கிறது, காயவைப்பது ஆலையின் வேலை. ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டியதால் நம் அரசு நெல் கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் கொட்டித் தார்ப்பாயோடு இரவு முழுக்க விழித்திருந்தவர்களுக்கு அந்தப் படகு எப்படித் தெரிந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அங்கேயும் குறை உண்டு. விலை சரிந்தால் முன்பணத்தையும் விட்டுவிட்டு வியாபாரி வராமற்போவது நடக்கிறது. நமக்கு இருப்பதுபோல அரசே விலை வைத்து வாசலில் வாங்கும் ஏற்பாடு அவர்களுக்கு இல்லை. ஆகவே நம் கொள்முதல் நிலையம் வேண்டும், அதோடு உலர்த்தும் இயந்திரமும் வேண்டும் என்பதே என் நிலை.

ஊர் திரும்பி, 2025 குறுவையில் இரண்டு ஏக்கரில் நான்கு குழாய்களை இறக்கினேன். முதல் கிழமையே தோற்றேன். எங்கள் பகுதியில் தண்ணீர் வயலுக்கு வயல் பாய்வது. மேல் வயலில் தேங்கினால் என் வயல் காயாது. மேல் வயல்காரர் எனக்குப் பெரியப்பா முறை. நீங்களும் காயப்போடுங்கள் என்று கேட்டேன். “கண்ணெதிரே ஓடுற தண்ணிய கட்டாம விட்டா, அடுத்த முறை வரும்னு யாருப்பா எழுதித் தருவா?” என்று கேட்டார். அவரிடம் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. 2023இல் ஜூன் 12ஆம் தேதி திறந்த மேட்டூர் அணை அக்டோபரிலேயே மூடப்பட்டதைக் கண்டவர் அவர். அறியாமையால் அவர் தண்ணீரைத் தேக்கவில்லை. வரும் நாள் தெரியாததால் தேக்குகிறார். தண்ணீர் வரும் நாளை உறுதியாகச் சொல்லாத வாய்க்காலில், காயப்போடச் சொல்லும் அறிவுரை விவசாயியைச் சூதாடச் சொல்வதற்குச் சமம்.

ஆகையால்தான் சொல்கிறேன்: அடுத்த பயணத்தில் நீர்வளத் துறையின் உதவிப் பொறியாளரும், ஷட்டரைக் கையால் திருகும் லஸ்கரும், கொள்முதல் நிலையத்தைக் கவனிக்கும் அலுவலரும் விவசாயிகளோடு ஒரே பேருந்தில் உட்கார வேண்டும். விவசாயிகள் தனியாகவும் அதிகாரிகள் தனியாகவும் போனால், திரும்பி வந்து ஒருவரையொருவர் குறை சொல்லத்தான் அது உதவும். மாவட்டத்துக்கு இரண்டு பேர் மூன்று பேர் என்று முன்னோடிகளைத் தேர்ந்தெடுப்பதை விட்டு, ஒரே வாய்க்காலில் தலைப்பிலிருந்து கடைமடைவரை பத்துப் பேரை, அவர்களில் பாதிப் பேர் பெண்களாக, அழைத்துப் போக வேண்டும். என் பெரியப்பா என்னோடு கன் தோவுக்கு வந்திருந்தால் நாங்கள் இருவரும் ஒரே நாளில் குழாய் இறக்கியிருப்போம். ஐந்து நாடுகளைப் பத்து நாளில் தொட்டுவிட்டு வருவதைவிட, ஒரே நாட்டில், பயிர் வயலில் நிற்கும் காலத்தில், ஒரே ஊரில் ஒரு கிழமை தங்குவது மேல். மொழிபெயர்ப்பவர் வேளாண்மை படித்தவராக இருக்க வேண்டும். பயிருக்குப் பயிர் வித்தியாசம் தெரியாதவர் வழியாக வரும் விளக்கம் எதற்கும் உதவாது.

சென்ற ஜனவரியில் எங்கள் வாய்க்காலைச் சேர்ந்த 11 பேர் கையெழுத்திட்டு, வரும் குறுவைக்கு முறை வைத்துத் தண்ணீர் விடும் நாள்களை முன்கூட்டியே எழுதி ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும் என்று விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். பெரியப்பாவும் கையெழுத்திட்டார். அந்தத் தாள் ஒட்டப்பட்டால் அவர் வயலிலும் குழாய் இறக்குவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். மூன்று பயணங்களிலும் நான் கேட்க மறந்த கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்: மதகின் சாவி யாரிடம், முறை தவறினால் யார் பதில் சொல்வது, ஈரநெல்லின் எடையில் எவ்வளவு கழிக்கிறார்கள், இப்படி நாற்பதுக்கு மேல். அரசுப் பயணத்துக்குத் தேர்வாகியிருப்பவர்கள் உள்பெட்டியில் கேட்டால் பக்கங்களைப் படமெடுத்து அனுப்புகிறேன். பதில்களோடு வந்து எங்கள் வாய்க்கால் கரையில் ஒரு மாலை உட்கார்ந்து பேசுங்கள்.