பக்கத்து ஊருக்குத் தலைவர் இருக்கிறார்

எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டத்தின் மேற்கு ஓரம். ஓடையைத் தாண்டினால் தென்காசி மாவட்டம். இரண்டு பக்கமும் அதே கரிசல், அதே உளுந்து, அதே மக்காச்சோளம், அதே காட்டுப்பன்றித் தொல்லை. ஆனால் அந்த ஊருக்குப் பஞ்சாயத்துத் தலைவர் இருக்கிறார், எங்களுக்கு இல்லை.

இந்தக் கூத்து எப்படி வந்தது என்று பலருக்கு ஞாபகம் இருக்காது. 2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது 27 மாவட்டங்களுக்கு மட்டும் நடத்தினார்கள். மாவட்டங்களைப் பிரித்ததில் வார்டு எல்லைகளை வரையறுக்கும் வேலை பாக்கி இருந்ததால் நெல்லை, தென்காசி உட்பட 9 மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரில்தான் நடந்தது. அதனால் எங்கள் தலைவரின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. பக்கத்து ஊர்த் தலைவருக்கு 2026 அக்டோபர் வரை இருக்கிறது. அடுத்த தேர்தலை நடத்தாததால் எங்களைப் போல 9,624 ஊராட்சிகள், தலைவருக்குப் பதிலாக அரசு அமர்த்தும் தனி அலுவலர் கைக்குப் போயின.

என் தங்கையைக் கட்டிக்கொடுத்த ஊர் என்பதால் அந்த ஊர் வாட்ஸ்அப் குழுவில் நானும் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தலைவர் ஒரு வாரச் செய்தி போடுவார். பெண் தலைவர், ஐம்பது வயதைத் தாண்டியவர், ஒருகாலத்தில் தீப்பெட்டி ஆபீஸ் (தீப்பெட்டித் தொழிற்சாலை) வேலைக்குப் போனவர். அவர் சொல்லச் சொல்ல மகள் டைப் அடிக்கிறாள் என்று தங்கை சொன்னாள். நான் விடாமல் படிக்கிறேன்.

போன வாரச் செய்தியைப் பாருங்கள். கீழத்தெரு போர் மோட்டார் எரிந்துவிட்டது. செயின் பிளாக் போட்டு நாலு பேர் சேர்ந்து மேலே தூக்கி, காயில் கட்டக் கோவில்பட்டிக்கு அனுப்பினார்கள். பட்டறையில் மூன்று நாள் கேட்டார்கள். அதுவரை மேலத்தெருத் தொட்டியிலிருந்து காலையில் ஒரு மணி நேரம் திறந்துவிட டேங்க் ஆபரேட்டரிடம் சொல்லியாயிற்று, மேலத்தெருக்காரர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார். அடுத்த வரி: ‘மோட்டார் எரிந்தது வோல்டேஜ் குறைவால். ஈபி உதவிப் பொறியாளரைப் பார்த்து மனு கொடுத்தேன். பெரிய டிரான்ஸ்பார்மர் எஸ்டிமேட் போடுவதாகச் சொன்னார். தேதி சொல்லவில்லை.’

எனக்குப் பிடித்தது அந்தத் ‘தேதி சொல்லவில்லை’தான். நம் ஊர்ப் பக்கம் அரசியல்வாதிகளின் செய்தி என்றால் சால்வை, ரிப்பன், கேக், பின்னால் முப்பது பேர். நடக்காததை யாரும் எழுத மாட்டார்கள். இவர் எழுதுகிறார். ராத்திரி எட்டரை மணி பஸ் ஊருக்குள் வராமல் விலக்கோடு போய்விடுகிற விஷயம் பல மாதமாக அவர் செய்தியில் வருகிறது. ஒவ்வொரு முறையும் டெப்போவில் யாரைப் பார்த்தார், என்ன பதில் வந்தது என்று இரண்டு வரி. பஸ் இன்னும் வரவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்பது ஊருக்குத் தெரிகிறது.

அவரிடமும் குறை உண்டு. நன்கொடை கொடுத்தவர்களைப் பற்றி ஒரு பத்தி புகழ்ந்து தள்ளுவார். கிராம சபையில் வீட்டுக்காரர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பதில் சொல்வதை இன்னும் முழுசாக நிறுத்தவில்லை. பெண்களுக்கு ஐம்பது சதவீத இடம் ஒதுக்கியது அவர்களுடைய வீட்டுக்காரர்களுக்காக அல்ல. இதைத் தங்கை மூலமாகச் சொல்லிவிட்டிருக்கிறேன். காதில் விழுந்ததா என்று தெரியாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு தலைவரின் வாரத்தில் பாதிக்கு மேல் பஞ்சாயத்து வேலையே இல்லை, பிற துறைகளின் வாசலில் நிற்கிற வேலைதான். தெருவிளக்கை மாட்டுவது பஞ்சாயத்து, கம்பம் ஈபியுடையது. கண்மாயை எடுத்துக்கொண்டால், ஆயக்கட்டு (அதில் பாசனம் பெறும் நிலம்) நூறு ஏக்கருக்குள் என்றால் ஒன்றியம், அதற்கு மேல் என்றால் நீர்வளத்துறை. உள்ளே முளைத்த சீமைக்கருவேலத்தை வெட்டி ஏலம் விட வேண்டுமா, மதிப்புப் போட வனத்துறை வர வேண்டும். பள்ளிக்கூடச் சுவருக்கு இன்னொரு ஆபீஸ். ‘நமக்கு நாமே’ திட்டத்தில் ஒரு வேலை எடுக்க வேண்டுமானால் பொதுவாக மூன்றில் ஒரு பங்கை ஊர் போட வேண்டும். அந்தப் பணத்துக்குத் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளியிலிருந்து சென்னையில் கடை வைத்திருக்கும் ஊர்க்காரர் வரை யாரோ ஒருவர் போன் போட்டாக வேண்டும்.

இரண்டு மாதம் முன்னால் அவர் செய்த காரியம் ஒன்று. வடக்குத் தெருவுக்கு சிமெண்ட் ரோடு போடும் வேலை வந்திருந்தது. குடிநீர்க் குழாய் மாற்றும் வேலையும் தனியாக வந்திருந்தது. இரண்டும் வேறு வேறு காண்ட்ராக்டர். ரோடு போட்ட மறுவாரம் தோண்டுவதுதான் நம் நாட்டு வழக்கம். இவர் இரண்டு இன்ஜினியர்களையும் ஒரே நாளில் ஊருக்கு வரவழைத்து, வேப்பமரத்தடியில் பெஞ்சு போட்டு உட்கார வைத்து, டீ வாங்கிக்கொடுத்து, ‘முதலில் நீங்கள் பைப்பைப் போடுங்கள் சார், அப்புறம் நீங்கள் ரோடு போடுங்கள்’ என்று பேசி முடித்தார். அதே நடந்தது. இதற்குத்தான் மேடையில் ‘துறைகளின் ஒருங்கிணைப்பு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவருக்கு அரசு கொடுக்கும் மதிப்பூதியம் மாதம் 2,000 ரூபாய். அந்த அலைச்சலுக்கு பெட்ரோல் காசுக்குக்கூடக் காணாது.

இப்போது எங்கள் ஊர். தனி அலுவலரைக் குறை சொல்லவில்லை. அவர் தலையில் ஒன்றியத்தின் அத்தனை ஊராட்சிகளும். செக்கில் கையெழுத்து விழுகிறது, தூய்மைக் காவலர்களுக்குச் சம்பளம் போகிறது, ஈபி பில் கட்டப்படுகிறது. ஃபைலில் பார்த்தால் எல்லாம் சரி. ஆனால் எங்கள் தெருவில் மூன்று கம்பத்தில் விளக்கு எரியவில்லை. யாரிடம் சொல்ல? ஊராட்சிச் செயலர் ‘மேலே எழுதியிருக்கிறேன்’ என்கிறார். பழைய தலைவர் வீட்டு வாசலில் போய் நின்ற பாட்டியிடம், ‘எனக்கு இப்ப அதிகாரம் இல்ல தாயி’ என்று அவர் சொல்ல, ‘ஓட்டு வாங்கும்போது இருந்துச்சே யய்யா’ என்று பாட்டி கேட்டுவிட்டு வந்தாள். அவர் என்ன செய்வார், பாவம்.

இது முதல் தடவையும் அல்ல. 2016 அக்டோபரில் முடிந்த பதவிக்காலத்துக்கு அடுத்த தலைவர்கள் பொறுப்பேற்றது 2020 ஜனவரியில். மூன்று வருடத்துக்கு மேல் இதே தனி அலுவலர் ஆட்சி. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை என்று மத்திய நிதிக்குழு மானியம் அப்போது நிறுத்தி வைக்கப்பட்டது. ஐந்து வருடம் முடியும் முன்பே தேர்தல் நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 243-ஈ பிரிவு தெளிவாகச் சொல்கிறது. அன்றைக்கும் வார்டு வரையறை என்றார்கள், இன்றைக்கும் அதையேதான் சொல்கிறார்கள். ஆளும் கட்சி மாறியது, காரணம் மாறவில்லை. சட்டமன்றத் தேர்தலை யாராவது இப்படித் தள்ளிப்போட்டால் நாடே கொந்தளிக்கும். பஞ்சாயத்து என்றால் மட்டும் யாருக்கும் உறைப்பதில்லை. சென்னையில் டிவி விவாதம் நடத்துகிறவர்களுக்குத் தெருக்குழாய் எதற்கு என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

‘தலைவர் வந்தால் மட்டும் கமிஷன் அடிக்க மாட்டாரா’ என்று கேட்பவர்கள் உண்டு. அடிப்பவரும் இருக்கிறார். ஆனால் அவரை டீக்கடையில் வைத்துக் கேட்கலாம், கிராம சபையில் எழுந்து கணக்குக் கேட்கலாம், அடுத்த தடவை தோற்கடிக்கலாம். தனி அலுவலரிடம் இதில் எதைச் செய்ய முடியும்?

தேர்தல் எப்போது வருமோ வரட்டும். அதுவரைக்கும் ஒன்று கேட்டு எங்கள் தெருக்காரர்கள் கையெழுத்துப் போட்டு ஒன்றிய அலுவலகத்தில் கொடுத்திருக்கிறோம். தனி அலுவலரோ அவர் சார்பில் ஒருவரோ வாரத்தில் ஒருநாள் எங்கள் ஊராட்சி அலுவலகத்தில் வந்து உட்கார வேண்டும். வந்த மனு என்ன, எந்தத் துறைக்கு அனுப்பினார்கள், என்ன பதில் வந்தது என்பதை வெளிச்சுவர் போர்டில் எழுதிப்போட வேண்டும். பதில் வரவில்லை என்றால் ‘வரவில்லை’ என்றே எழுதட்டும். எங்கள் ஒன்றியத்தில் இருக்கும் நண்பர்கள் அவரவர் ஊரிலும் இதே மனுவைக் கொடுங்கள். நகல் வேண்டுமென்றால் உள்பெட்டியில் கேளுங்கள், அனுப்புகிறேன்.