காசு போகுமா என்று கேட்டதற்கா அந்தச் சிரிப்பு?

சனிக்கிழமை கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு விஷயம் தெரியும். வராதவர்களுக்கும் இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள், நல்ல நகைச்சுவையாக. மேடையில் பேசிய தம்பி 0800இல் தொடங்கும் ஓர் உதவி எண்ணைத் திரையில் போட்டு, "உதவி வேணும்னா உடனே கூப்பிடுங்க, இலவசம்" என்றதும் என் பெரியம்மா கையைத் தூக்கி, "தம்பி, மொபைல்லேர்ந்து கூப்பிட்டா காசு போகுமா?" என்று கேட்டார். அதற்குத்தான் அத்தனை சிரிப்பு. "ஆன்ட்டி, நீங்க இன்னும் எந்தக் காலத்துல இருக்கீங்க?" என்று மேடையிலிருந்து ஒரு கேள்வி வேறு.

எந்தக் காலம் என்று நான் சொல்கிறேன். 2015 ஜூலை 1க்கு முந்தைய காலம். பிரிட்டனில் 0800, 0808 எண்கள் அதுவரை லேண்ட்லைனிலிருந்து அழைத்தால்தான் இலவசம். மொபைலிலிருந்து அழைத்தால் பெரும்பாலும் காசு. விளம்பரத்தில் 'ஃப்ரீஃபோன்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும், பில்லில் வேறு கணக்கு வரும். தொலைத்தொடர்பைக் கண்காணிக்கும் அமைப்பான ஆஃப்காம் விதியை மாற்றிய பிறகுதான் மொபைலிலும் இலவசம் ஆனது. அதுவரை, வீட்டில் லேண்ட்லைன் வைக்க வழியில்லாமல் ஒரே ஒரு மொபைலோடு காலம் தள்ளியவர்தான் 'இலவச' எண்ணுக்குக் காசு கட்டினார். வசதியுள்ளவனுக்குச் சும்மா, இல்லாதவனுக்குக் கட்டணம். சிரிப்பதென்றால் இதற்குச் சிரித்திருக்கலாம்.

"அதெல்லாம் மாறிப் பத்து வருஷம் ஆச்சே, தெரிஞ்சுக்க வேண்டாமா?" என்பீர்கள். சரி. முழுக்க மாறிவிட்டதா? 0800 இலவசம், 0808 இலவசம். 0845 இலவசமில்லை. 0870 இலவசமில்லை. 0844, 0871 எதுவுமே இலவசமில்லை. எல்லாம் அதே 08இல் தொடங்குகிற எண்கள்தான். அவற்றுக்கு இரண்டு கட்டணம் சேர்ந்து வரும். ஒன்று, நாம் அழைக்கிற நிறுவனம் வைக்கிற சேவைக் கட்டணம். மற்றது, நம் தொலைபேசி நிறுவனம் தன் பங்குக்குப் போடுவது. மொபைலில் இந்த இரண்டாவது மட்டுமே நிமிடத்துக்கு அரைப் பவுண்டைத் தாண்டுவது உண்டு. மாதத் திட்டத்தில் எத்தனை நிமிடம் இருந்தாலும் பொதுவாக இவை அதில் சேராது. 03இல் தொடங்கினால் சேரும். இதை ஒரே மூச்சில் சொல்லத் தெரிந்தவர்கள் அந்த அரங்கில் எத்தனை பேர் இருந்தீர்கள்?

எனக்கும் தெரியாதுதான். 2011இல் இங்கே வந்த புதிதில் மொபைலில் 10 பவுண்ட் டாப்-அப் போட்டுக்கொண்டு, வீட்டு எரிவாயு பில்லில் ஒரு தவறு இருக்கிறது என்று சொல்ல ஓர் 0845 எண்ணை அழைத்தேன். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம் என்றார்கள். இசை போட்டார்கள். மறுபடியும் முக்கியம் என்றார்கள். அரை மணி நேரம் நெருங்கும்போது ஒரு பெண் எடுத்து "ஹலோ" என்றார். நான் பெயரைச் சொல்வதற்குள் இணைப்பு அறுந்தது. பத்து பவுண்டும் காலி. அன்று இரவு பெரியம்மா வீட்டு லேண்ட்லைனிலிருந்துதான் அம்மாவிடம் பேசினேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு பெரியம்மா ஒன்றும் கேட்கவில்லை, தட்டில் இன்னும் இரண்டு இட்லி வைத்தார். ஆக, அவர் கேட்ட அந்தக் கேள்வி அறியாமையில் வந்தது இல்லை. காசைப் பறிகொடுத்தவர்களைப் பக்கத்தில் இருந்து பார்த்து வந்தது.

"தனியார் கம்பெனி அப்படித்தான் இருக்கும்" என்றும் சிலர் சொல்வீர்கள். அவசரமில்லாத விஷயத்துக்குப் போலீஸை 101இல் அழைக்க 2020 மார்ச் வரை ஒரு அழைப்புக்கு 15 பென்ஸ். அது எந்தக் கம்பெனி? கையில் காசில்லை என்றுதான் ஒருவர் யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகையைக் கேட்கிறார். அதற்கான உதவி எண்ணும் முதலில் இலவசமாக இல்லை. 2017 அக்டோபரில் நாடாளுமன்றத்திலேயே கேள்வி எழுந்த பிறகுதான் இலவசமாக்குவதாக அறிவித்தார்கள். இவ்வளவுக்குப் பிறகும் ஒருவர் 'காசு போகுமா' என்று கேட்டால் அவர் பத்தாம்பசலி!

இலவச எண் என்றாலும் அழைப்புக்கு யாரோ ஒருவர் காசு கட்டத்தான் செய்கிறார், அழைக்கப்படும் நிறுவனம் கட்டுகிறது என்பது எனக்கும் தெரியும். கட்டட்டும். 'ஆன்லைனில் போய்ப் பார்க்கலாமே' என்பவர்களுக்கு நான் பதில் சொல்வதாக இல்லை. பெரியம்மாவுக்கு எழுபத்தாறு வயது, ஒரு கண்ணில் புரை.

அவர் லேண்ட்லைனை இன்னும் எடுக்காமல் வைத்திருப்பதும் உங்களுக்குக் கேலிதான். அந்தப் பழைய இணைப்புகளையும் 2027 ஜனவரியோடு நிறுத்துகிறார்கள். இனி எல்லாம் இணைய வழிதான். காசு போகாது என்று அவர் உறுதியாக நம்பிய ஒரே கருவி அது. அதுவும் இனி வேறு பெட்டி, வேறு ஒயர். சொல்லிப் புரியவைக்க நாம் போவோமா? மேடையில் மைக் கொடுத்தால் மட்டும் பேசுவோம்.

கோபம் உங்கள் மேல் மட்டும் இல்லை. கேள்வி வந்ததும் அரங்கே சிரித்தபோது நானும் லேசாகச் சிரித்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்ததால் சிரித்தேன். பெரியம்மா முன்வரிசையில் இருந்தார், பார்த்திருக்க மாட்டார் என்று நினைத்துக்கொள்கிறேன். காரில் வரும்போது ஒன்றும் பேசவில்லை. கைப்பையைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

மேடையில் பேசிய தம்பிக்கு ஒரு வார்த்தை. "போகாது ஆன்ட்டி, 0800 மொபைல்லயும் இலவசம்தான்" என்று சொல்லியிருந்தால் ஐந்து விநாடியில் முடிந்திருக்கும்.

இன்று காலை பெரியம்மா வழக்கம்போல ஒரு ரிங் விட்டு வைத்துவிட்டார். காசு மிச்சம் பிடிக்கிறாராம். நான் திருப்பி அழைத்தேன். "அந்த நம்பர் 0800ஆ, 0845ஆப்பா? அவங்க சிரிச்சதுல எழுதிக்காம விட்டுட்டேன்" என்றார். 0800தான் பெரியம்மா என்றேன். "அதுக்கப்புறம்?" என்றார். நானும் எழுதிக்கொள்ளவில்லை.

யாரிடமாவது அந்த எண் இருந்தால் கீழே போடுங்கள்.