மாடியில் நாற்பது பை வைத்தால் அது தற்சார்பா?

போன வாரம் ஒரு காணொளி கண்ணில் பட்டது. மாடி நிறைய செடி வளர்க்கும் பைகள், நடுவில் நின்றுகொண்டு ஒருவர் "கடைக்குப் போவதையே விட்டுவிட்டேன், முழுத் தற்சார்பு வாழ்க்கை" என்கிறார். கீழே ஒரே இதயக் குறிகள். நானும் ஆறு வருடமாகச் செடி வளர்க்கிறவன்தான். தினமும் காலையில் பல் துலக்கும் முன்பே மாடிக்கு ஓடுகிற ஆள். அதனாலேயே எனக்கு எரிச்சலாக இருந்தது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 2000 கலோரி வேண்டும். 100 கிராம் தக்காளியில் இருப்பது வெறும் 18. அப்படியென்றால் தக்காளியை வைத்தே ஒரு நாளை ஓட்ட 11 கிலோ தின்ன வேண்டும். கீரையும் ஏறக்குறைய அதே கதைதான், உருளைக்கிழங்கு கொஞ்சம் பரவாயில்லை, 77. சரி, தானியம் போடலாமே என்றால், நெல்லின் உலக சராசரி விளைச்சல் ஹெக்டேருக்கு ஐந்து டன்னுக்குள்தான். அந்தக் கணக்கில் 1000 சதுர அடியில் ஒரு போகத்துக்கு 45 கிலோ நெல் கிடைக்கும், குத்தி எடுத்தால் அரிசி 30 கிலோ. நாலு பேர் உள்ள வீட்டில் அது எத்தனை நாளைக்கு வரும்? அதுவும் நல்ல வயலில் கிடைக்கிற விளைச்சல் இது, பையில் இல்லை.

சரித்திரத்திலும் இப்படித்தான். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் 'வெற்றித் தோட்டம்' என்று வீட்டுக்கு வீடு போட்டார்கள், மொத்தம் சுமார் 2 கோடி தோட்டங்கள். 1944 வாக்கில் அந்த நாட்டுக் காய்கறியில் கிட்டத்தட்ட 40 சதவீதம் அவற்றிலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள். பெரிய விஷயம்தான், நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கவனியுங்கள், காய்கறியில் 40 சதவீதம். ரொட்டிக்கான கோதுமை அப்போதும் விவசாயியின் வயலில்தான் விளைந்தது.

இன்னொன்று சொன்னால் கோபப்படக் கூடாது. என் மாடியில் இருக்கிற பை பிளாஸ்டிக், அதில் நிரப்பிய தேங்காய் நார்த்தூள் எங்கிருந்தோ லாரியில் வந்தது, முதல் இரண்டு வருடம் விதையும் பாக்கெட்டில்தான் வாங்கினேன். அந்தப் பாக்கெட்டில் எஃப்1, அதாவது கலப்பின விதை, என்று போட்டிருந்ததை நான் கண்டுகொள்ளவே இல்லை. பழம் அருமையாக வந்தது. அதிலிருந்து விதை எடுத்து அடுத்த பருவம் போட்டேன், செடிக்குச் செடி ஒரு தினுசு, ஒன்றில் கோலிக்குண்டு அளவில் காய், ஒன்றில் காயே இல்லை. கலப்பின விதையின் அடுத்த தலைமுறை தாயைப் போல வராது என்பதை ஒரு பருவத்தைத் தொலைத்துத்தான் தெரிந்துகொண்டேன். விதையையே வருடா வருடம் வாங்கிக்கொண்டு தற்சார்பு என்று சொன்னால் எப்படி?

அப்புறம் எதற்கு வளர்க்கிறாய் என்று கேட்பீர்கள்.

மூன்றாவது வருடம் என் தக்காளிக் காய்களின் அடிப்பக்கம் கறுத்து, அமுங்கி, தோல் செருப்பு மாதிரி ஆகிவிட்டது. தேடினால் எல்லோரும் ஒரே குரலில் கால்சியம் குறைவு, முட்டை ஓடு போடு என்றார்கள். போட்டேன். மூன்று வாரம் கழித்து மண்ணைக் கிளறினால் போட்ட ஓடு போட்டபடியே கிடக்கிறது. அது மட்குவதற்கு மாதக்கணக்கில் ஆகும், செடிக்கு உடனே எதுவும் போய்ச் சேராது. பிறகுதான் உறைத்தது, நான் இரண்டு நாள் தண்ணீர் விடாமல் மறந்துவிட்டு மூன்றாம் நாள் குடம் குடமாகக் கொட்டுகிற ஆள். கால்சியம் தண்ணீரோடுதான் வேரிலிருந்து மேலே ஏறும். தண்ணீர் தாறுமாறாகப் போனால் மண்ணில் கால்சியம் இருந்தும் காயின் நுனி வரை போய்ச் சேராது. தினமும் அளவாக விட ஆரம்பித்தேன், மேலே காய்ந்த இலையைப் பரப்பினேன், அடுத்து வந்த காய்கள் சுத்தமாக இருந்தன. இதற்குப் பிறகு கடையில் தக்காளியைப் பார்க்கும்போது, ஒரு வடுகூட இல்லாமல் இதை விளைவித்தவர் எத்தனை நாள் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார் என்று தோன்றுகிறது. பேரம் பேச வாய் வருவதில்லை.

சுற்றுச்சூழல் பக்கம் வந்தால், "தூரத்திலிருந்து வரும் காயை வாங்காதே, வீட்டில் வளர்" என்பதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். அது பாதி சரி. 2018இல் 'சயின்ஸ்' இதழில் வந்த பெரிய ஆய்வின் கணக்குப்படி, உணவால் வரும் பசுமைக்குடில் வாயுக்களில் போக்குவரத்தின் பங்கு சுமார் 6 சதவீதம்தான். நாம் தூக்கிப் போடுவதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 2022இல் மட்டும் உலகத்தில் வீணான உணவு 105 கோடி டன் என்றும், அதில் 60 சதவீதம் வீடுகளில்தான் என்றும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் சொல்கிறது. ஓட்டலில் இல்லை, நம் வீட்டில். கீரைக்கட்டு வாங்கி, பாதியைச் சமைத்து, மீதி குளிர்பெட்டியில் கொழகொழவென்று ஆனதும் எறிகிறோமே, அதுவும் இதில் சேர்த்திதான். மாடியில் கீரை இருந்தால் எட்டு இலை வேண்டுமென்றால் எட்டு இலையைத்தான் கிள்ளுவோம். மீதி செடியிலேயே இருக்கும்.

அதனால் புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் சொல்வது கீரை, மிளகாய், புதினா. சீக்கிரம் வாடுகிற, கொஞ்சமாகத் தேவைப்படுகிற சாமான்கள். கூடவே ஒரு மட்குத் தொட்டி. சமையல் கழிவு ஒரு பங்கு என்றால் காய்ந்த இலை இரண்டு மூன்று பங்கு போடுங்கள். நாற்றம் அடித்தால் ஈரம் அதிகம், காற்று போகவில்லை என்று அர்த்தம், இன்னும் கொஞ்சம் இலையைப் போட்டுக் கிளறிவிட்டால் சரியாகும். எனக்கு முதல் தொட்டியில் புழு நெளிந்து, வீட்டில் இரண்டு நாள் யாரும் என்னோடு பேசவில்லை, அது தனிக்கதை.

இப்போது ஒரு தொட்டிக் கீரையை விதைக்கென்று விட்டிருக்கிறேன். ஆள் உயரத்துக்கு வளர்ந்து, பூத்து, பார்க்கக் கன்றாவியாக நிற்கிறது. பிடுங்கிவிட்டு வேறு எதையாவது வை என்று தினமும் ஒரு குரல் கேட்கிறது. இன்னும் இரண்டு வாரம் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். விதை வேண்டுமென்றால் கமெண்டில் சொல்லுங்கள், நிறையவே வரும் போலிருக்கிறது.