பட்டியலைப் படிக்கத் தெரிந்த வாசகர்கள்

நாட்டில் ஏதாவது கொந்தளிப்பு என்றால் இரண்டே நாளில் டைம்லைனில் அந்தக் கேள்வி வந்துவிடும். "இந்த எழுத்தாளர் ஏன் வாய் திறக்கவில்லை? அந்த இயக்குநர் எங்கே போனார்?" கேட்பதில் தப்பில்லை. ஆனால் கேட்கிறவர்களில் எத்தனை பேர் அந்த ஆள் கடைசியாக எழுதியதைப் படித்திருப்பார்கள் என்பதில் எனக்குப் பலத்த சந்தேகம் உண்டு.

1975-77 எமர்ஜென்சி பேச்சு வந்தால் நாம் எப்போதும் தடைக் கதைகளைத்தான் எடுக்கிறோம். அரசைக் கிண்டல் செய்த 'கிஸ்ஸா குர்சி கா' என்ற இந்திப் படத்தின் சுருள்களைக் கைப்பற்றிக் கொண்டுபோய் எரித்தார்கள். இந்திப் பாடகர் கிஷோர் குமார் அரசு சொன்னபடி பாட வரவில்லை என்று 1976ல் அவர் குரலையே வானொலியிலிருந்து எடுத்தார்கள். எல்லாம் நடந்ததுதான். ஆனால் இந்தக் கதைகளில் வில்லன் யார், ஹீரோ யார் என்பது பளிச்சென்று தெரிகிறது. கேட்பவருக்கு ஒரு வேலையும் இல்லை.

எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. 1976 ஜனவரி 31ல் திமுக ஆட்சி கலைக்கப்பட்டது. விசாரணையில்லாமல் உள்ளே வைக்கும் மிசா சட்டத்தில் கைதுகள் தொடங்கின. யார் யார் உள்ளே போனார்கள் என்று பத்திரிகையில் போட முடியாது, தணிக்கை. பிப்ரவரி 3 அண்ணா நினைவு நாள். அன்றைக்கு முரசொலியில், அண்ணா நினைவிடத்துக்கு அஞ்சலி செலுத்த வர இயலாதவர்கள் என்று ஒரு பட்டியல் வந்தது. வெறும் பெயர்கள். ஏன் வர இயலாது என்று ஒரு வரி கிடையாது. தணிக்கை அதிகாரி எதை அடிப்பார்? வாசித்தவர்களுக்கோ யார் யார் சிறையில் இருக்கிறார்கள் என்பது புரிந்துவிட்டது.

(முரசொலி திமுகவின் கட்சிப் பத்திரிகை. அந்தக் கட்சி ஆட்சியில் இருந்தபோது மாற்றுக் கருத்தை எப்படி நடத்தியது என்று தனியாக ஒரு சண்டை போடலாம், நானும் வருகிறேன்.)

அந்தப் பட்டியலில் பாதி வேலையைச் செய்தவர்கள் வாசகர்கள். நாம் படைப்பாளியின் துணிச்சலை மட்டும் அளக்கிறோம், இந்தப் பாதியைக் கணக்கிலேயே எடுப்பதில்லை.

மறைமுகமாகப் பேசுவது எல்லாம் வீரம் என்று சொல்ல வரவில்லை. அதற்குள் ஒளிந்துகொண்டவர்கள் நிறைய. குனியச் சொன்னதற்குத் தவழ்ந்தீர்கள் என்று அத்வானி பிறகு பத்திரிகைகளைப் பார்த்துச் சொன்னது சும்மா இல்லை. நேராக எதிர்த்து நின்றவர்களும் இருந்தார்கள், கொடுத்த விலையும் பெரிது. கன்னடப் படமான 'சம்ஸ்கார'வில் நடித்த சிநேகலதா ரெட்டி பெங்களூரு சிறையில் ஆஸ்துமாவோடு மாதக்கணக்கில் கிடந்தார். 1977 ஜனவரியில் வெளியே விட்டார்கள். சில நாட்களிலேயே இறந்துபோனார். யாரோ ஒருவரின் மௌனத்தைப் பற்றி போனில் நாலு வரி தட்டும்போது இவரை நினைத்துக்கொண்டால் நம் குரல் கொஞ்சம் இறங்கும்.

"இப்போதும்தான் குறியீடு படிக்கிறோமே" என்பீர்கள். ஆமாம், படிக்கிறோம். கதாநாயகன் கறுப்புச் சட்டை போட்டால் குறியீடு, பின்னால் சுவர் நீலமாக இருந்தால் குறியீடு, மேசையில் ஒரு புத்தகம் கிடந்தால் அதை பெரிதாக்கி வட்டம் போட்டு ஒரு பதிவு. ஆனால் இதில் தேடுவது ஒன்றைத்தான்: இந்த ஆள் நம்ம ஆளா? விடை கிடைத்ததும் படம் முடிந்துவிட்டது. அந்தப் படத்தில் ஒரு பெண் கதாபாத்திரம் வாய் திறக்காமலே செத்துப்போயிருப்பாள், அதைப் பற்றி ஒரு கமெண்ட் இருக்காது. 1976ல் அந்தப் பட்டியலைப் பார்த்தவர்கள் தேடியது அண்ணனின் பெயரை, பக்கத்து வீட்டுக்காரரின் பெயரை. அது வேறு வகைப் படிப்பு.

கொந்தளிப்புக் காலத்தில் நல்ல நாவல் உடனே வராது. சிலருக்குப் பத்து வருஷம் ஆகும். அதற்குள் அவரிடம் அறிக்கை கேட்டு வாங்கி, அதற்கு ஐந்நூறு லைக் போட்டு, அப்புறம் நாவல் வரும்போது யாரும் வாங்காமல் விட்டுவிடுகிறோம். அறிக்கை எழுத வக்கீல்கள் இருக்கிறார்கள், கட்சிக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நன்றாகவே எழுதுவார்கள்.

'நடுநிலை வேஷம்' என்று கமெண்டில் எழுதத் தயாராக இருப்பவர்களுக்கு ஒன்று. நீங்கள் திட்டுகிற எழுத்தாளரின் கடைசிப் புத்தகத்தில் எந்த அத்தியாயத்தில் அவர் நழுவினார் என்று காட்டித் திட்டுங்கள். காட்டினால் நானும் சேர்ந்து திட்டுகிறேன்.