ஒயர் இழுத்தவருக்கு ஒரு வரி கூடவா கிடையாது?

சன் டிவி வளர்ந்த கதையைச் சொல்லும் அந்தப் பேட்டியை இந்த வாரம் ஆளாளுக்குப் பகிர்ந்துவிட்டீர்கள். முழுசாகப் பார்த்தேன். பூமாலை வீடியோ இதழ் வந்தது, சன் டிவி தொடங்கிய 1993 ஏப்ரல் 14 வந்தது, 2006 பங்கு வெளியீடு வந்தது. கேபிள்காரர்கள் வந்தது ஒரே ஒரு இடத்தில். அதுவும் ஊரான் சிக்னலில் கொக்கி போட்டுக் காசு பார்த்தவர்கள் என்கிற மாதிரி. கேட்டதிலிருந்து மனசே ஆறவில்லை.

சன் டிவி நிறுவனர் கலாநிதி மாறனின் திறமையை யாரும் மறுக்கவில்லை. ஆனால் செயற்கைக்கோள் யார் வீட்டு வாசலுக்கும் இறங்கி வராது. அதிலிருந்து வருவதைப் பிடித்து, தெருத்தெருவாக இழுத்து, டிவி பெட்டியின் பின்னால் சொருகியது கேபிள்காரர். இதைச் சொல்லாமல் சன் டிவி வளர்ந்த கதை கிடையாது.

ஆரம்பத்தில் சன் டிவிக்குச் சொந்தமாக முழுநேரச் சேனல் இல்லை. ஏ.டி.என். சேனலில் வாடகைக்கு எடுத்த சில மணி நேரம்தான். ஸ்டாரும், 1992 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஜீயும் ஏசியாசாட் 1 என்ற செயற்கைக்கோளில் இருந்தன. ஏ.டி.என். இருந்தது ரஷ்யச் செயற்கைக்கோளில். ஏற்கெனவே மாடியில் இருக்கிற டிஷ்ஷை வைத்து இரண்டையும் பிடிக்க முடியாது. ஆக, சில மணி நேரத் தமிழுக்காகத் தனியாக ஒரு டிஷ், டிஷ்ஷில் விழும் சிக்னலை வாங்கித் தர ஒரு எல்.என்.பி., ஒரு ரிசீவர், அதை ஒரு சேனல் எண்ணில் ஏற்ற ஒரு மாடுலேட்டர். வாங்கி மாட்டினால் மட்டும் வேலை முடிந்துவிடாது. ரஷ்யச் செயற்கைக்கோளின் அலை சுழன்றுகொண்டே வரும். அதைப் பிடிக்க டிஷ்ஷின் முன்னால் இருக்கிற ஃபீட் ஹார்ன் குழாய்க்குள் 45 டிகிரி சாய்வில் ஒரு டெஃப்லான் தகட்டைச் செருக வேண்டும். செருகாவிட்டால் சிக்னலில் பாதி போச்சு. வயதான ரஷ்யச் செயற்கைக்கோள்கள் ஓரிடத்தில் நிற்கவும் நிற்காது, வடக்கும் தெற்குமாக அசையும். படத்தில் பூச்சி பறக்க ஆரம்பித்ததும் மாடிக்கு ஓடி டிஷ்ஷைத் திருப்ப வேண்டும். இதற்கு எந்த சேனலும் சம்பளம் கொடுக்கவில்லை.

அடுத்தது சேனல் எண் பிரச்சினை. அன்றைக்கு நிறைய வீடுகளில் இருந்தது 8 அல்லது 12 பட்டன் உள்ள பழைய பெட்டி. 2 முதல் 12 வரைதான் எடுக்கும். மலிவான மாடுலேட்டரை வைத்தால் ஒரு சேனலின் அலை பக்கத்துச் சேனலில் கசியும், அதனால் ஒன்று விட்டு ஒன்றில்தான் வைக்க முடியும். தூர்தர்ஷன் வானலையில் வரும் எண்ணில் வைத்தால் படம் நிழலடிக்கும், அதையும் விட வேண்டும். மிச்சம் எத்தனை இடம் இருந்திருக்கும், எண்ணிப் பாருங்கள். அந்த நாலைந்தில் ஒன்றைச் சன் டிவிக்கு ஒதுக்கியது யார்? கேபிள்காரர்தான்.

பிறகு லைன். ஆர்.ஜி. 6 ஒயரில் 100 மீட்டர் போனால், மேல் எண் சேனல்களில் ஏறக்குறைய 9 டெசிபல் அளவுக்குச் சிக்னல் காலி. 2-ஆம் எண் பளிச்சென்று இருக்கும், 12-ஆம் எண்ணில் பூச்சி பறக்கும். அதற்காகத்தான் வழியெல்லாம் பூஸ்டர். பூஸ்டர் சிக்னலை மட்டுமா தூக்கும்? இரைச்சலையும் சேர்த்தே தூக்கும். பத்துப் பன்னிரண்டு பூஸ்டர் தாண்டிய கடைசித் தெருவில் படம் மணல் மணலாகத்தான் வரும். சரி என்று அளவைக் கூட்டி வைத்தால் ஒரு சேனலுக்குள் இன்னொன்று கோடு கோடாக ஓடும். மழை வந்தால் ஜாயிண்ட் வழியே தண்ணீர் இறங்கி உள்ளே செம்பு பச்சை பூத்துவிடும். டேப்பை எவ்வளவு சுற்றினாலும், ஒயரைக் கொஞ்சம் தொங்கலாக வளைத்துவிடாவிட்டால் தண்ணீர் நேரே பெட்டிக்குள்தான்.

பூஸ்டருக்குக் கரண்ட் எங்கிருந்து வந்தது? வழியில் இருக்கிற ஒரு வீட்டிலிருந்து. அந்த வீட்டுக்கு இலவச இணைப்பு. அங்கே ஃபேஸ் போனால், கரண்ட் இருக்கிற நாலு தெருவிலும் படம் நின்றுவிடும். 'மெட்டி ஒலி' ஓடும்போது போனால் திட்டு வாங்குவது சேனல்காரரா, கேபிள்காரரா? அந்தத் தெருக்காரர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

"ஒயர்தான் காரணமென்றால் ராஜ் டிவி ஏன் அந்த உயரத்துக்குப் போகவில்லை, அதுவும் அதே ஒயரில்தானே வந்தது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். படங்களின் உரிமையைச் சேர்த்து வைத்ததும், நேரத்தைத் தயாரிப்பாளருக்கு விற்ற முறையும் சன் டிவியின் சாமர்த்தியம். தயாரிப்பாளர் ஒளிபரப்புக் கட்டணம் கட்டுவார், விளம்பர நேரத்தை அவரே விற்றுக்கொள்வார். தொடர் ஓடாவிட்டால் நட்டம் அவருக்கு, கட்டணம் சேனலுக்கு. ஆனால் அந்த விளம்பர நேரத்தை யார் வாங்குவார்? எத்தனை வீட்டில் தெரிகிறது என்றுதான் முதலில் கேட்பார். அந்த வீடுகளை எண்ணிப் போட்டால் கேபிள்காரரின் பாயிண்ட்கள், அதாவது இணைப்புகள்தான் வரும்.

"திருட்டுப் படம் ஓட்டினார்களே" என்பார்கள். சிலர் ஓட்டினார்கள், தப்புதான். "மாதாமாதம் காசு வாங்கவில்லையா?" என்பார்கள். வாங்கினார்கள், உழைத்ததற்கு. ஒயர் அவர்களுடையது, பூஸ்டர் அவர்களுடையது, லாரி அறுத்துவிட்டால் ராத்திரியே கட்டியதும் அவர்கள்தான். வட்டிக்கு வாங்கிப் போட்ட டிஷ் அது. இதெல்லாம் கொக்கியா?

அதற்கப்புறம் என்ன நடந்தது என்பதையாவது பேட்டியில் சொல்லியிருக்கலாம். சென்னையில் அதே குழுமத்தின் சுமங்கலி கேபிள் விஷன் சிக்னல் கொடுக்க வந்ததும், டிஷ்ஷும் மாடுலேட்டரும் வைத்திருந்த கேபிள்காரரின் சொந்தக் கண்ட்ரோல் ரூமுக்கு வேலையில்லாமல் போனது. 2011-இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய் என்று வைத்தது, அதில் 20 ரூபாய் அரசு கேபிளுக்கு. 2019-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதியில் 100 சேனலுக்கு 130 ரூபாய் நெட்வொர்க் கட்டணம் வந்தது. தனி ஒப்பந்தம் இல்லாவிட்டால் அதில் கேபிள்காரருக்கு 45 சதவீதம், அதாவது 58 ரூபாய் 50 காசு. ஒயரைப் பராமரிப்பதும் அதில்தான், பையன் சம்பளமும் அதில்தான். எந்தச் சேனல் என்ன விலை என்பதில் அவருக்கு ஒரு பேச்சும் இல்லை. இடத்தை ஒதுக்கிக் கொடுத்தவர் இப்போது வசூல் பண்ணிக் கொடுக்கிறவர். முப்பது வருஷம் கம்பத்தில் ஏறி, ஷாக் அடித்து, விழுந்து, கால் உடைந்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு நிறுவனத்தின் வெற்றிக் கதையில் ஒரு வரி கேட்பது பேராசையா?

கொக்கி என்று சொன்னவருக்கு ஒரு தகவல். 1995 கேபிள் சட்டம் வந்த பிறகு ஒவ்வொரு கேபிள்காரரும் படிவம் நிரப்பி, கட்டணம் கட்டி, தலைமை அஞ்சலகத்தில் பதிவு செய்து, வருஷா வருஷம் புதுப்பித்தார். பேட்டியில் இல்லாத பேரெல்லாம் அந்தப் பதிவேடுகளில் ஏறியவைதான். தெருப் பேரோடு.